அறிஞர் ஹோமி பாபா

நெருப்பினைத் தன்வயப்படுத்திய ஆதி மனிதன் அதனைக்கொண்டு அடுப்பை மூட்டினான், குளிரைப் போக்கினான். அந்நெருப்பே கூரையைப் பற்றியபோது குடியிருந்த ஊரையும் இழந்தான். ஆயினும் அவன் நெருப்பை வெறுத்து ஒதுக்கினானில்லை. அதனைக் காக்கும் முறையைத் தான் கற்றுத் தன் மக்கட்கும் கற்பித்தான். இக்காலத்து நெருப்பு அணுவாற்றலாகும். பழைய நெருப்புக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. ஒரு வீட்டில் பற்றிய தீ அவ்வூரோடு அடங்கும். ஓர் அணு உலையில் நேர்ந்த கேடோ காற்றோடு கலந்து நாடுகளின் எல்லைகளைக் கடந்து செல்லும். ஆதலின் இந்நெருப்பைக் காக்கும் கல்வியை ஒரு நாட்டார் மட்டும் கற்றாற் போதாது. எல்லா நாட்டாரும் ஒருவர்க்கொருவர் கற்பித்துக் காத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்து, நம் நாட்டில் அணுவாற்றற் கல்விக்கு வித்திட்டு, அதன் பொருட்டே பயணம் செய்கையில் உயிர் துறந்தவர் அறிஞர் ஹோமி பாபா ஆவர். அவரைப் பெரிய விஞ்ஞானி என்ற அளவில் யாவரும் அறிவர். மனிதரைப் பயிற்றுவித்தவர், நாடுகளை ஒன்றுகூட்டியவர் என்னும் முறையில் அவரை அறிந்தோர் சிலரே. அவ்வகையில் அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

பிறப்பும் கல்வியும்

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பம்பாய் நகரில் செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்த பார்ஸிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா வழக்கறிஞர், அன்னையார் மெஹர்பாய். பாட்டனார் மைசூர் ராஜ்யத்தில் கல்வித்துறைத் தலைவராக விளங்கியவர். அத்தையார் ஸர் தோராப்ஜி டாட்டாவின் மனைவியார். தொழிலும் கொடையும் கலையும் பேசப்பட்ட வீடுகளில் அச்சிறுவர் வளர்ந்தார். புத்தகங்களும் மேனாட்டு இசைத் தட்டுகளும் ஓவியங்களும் அவருக்கு இளமைத் தோழராயின.

உறவினர் அவரைப் பொறியியல் அறிஞராக்கி ஜம்ஷெட்பூர் இரும்பாலைக்கு அனுப்பக் கருதினர். அக்கருத்தோடு 1927ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கான்வில் - கீஸ் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். ஆண்டுச் சென்ற இளைஞரின் உள்ளமோ பௌதிகத்தின்பால் ஓடிற்று. தந்தையார்க்குக் கடிதம் எழுதித் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். தந்தையார் கடிந்தாரில்லை, கைவிட்டாருமில்லை. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால், மேலும் தங்கிக் கணிதமும் பயில உதவுவதாக உடன்பட்டார். மைந்தர் 1930இல் முதல் வகுப்பில் தேறினார்; 1932இல் கணிதத் தேர்விலும் வென்றார்; 1935இல் டாக்டர் பட்டம் பெற்றார். விருப்பமில்லாத பாடமென்று அவர் பொறியியலைப் புறக்கணித்திருந்தால், பிற்காலத்தில் உலைகளின் குழாய்களையும் சுவர்களையும் பற்றிப் பொறியாளரோடு சமமாக அமர்ந்து பேசும் தகுதி அவருக்கு வாய்த்திராது.

கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற செல்வம் பட்டங்கள் மட்டுமல்ல. எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் ஒன்றையொன்று சிதறச் செய்யும் முறையை ஆராய்ந்து அவர் கண்ட முடிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1937இல் ஹைட்லர் என்பாரோடு கூடி விண்கதிர்கள் பொழியும் முறைக்கு விளக்கம் தந்தார். இவற்றோடு அவர் அங்கே நண்பர்களையும் தேடிக்கொண்டார். அந்நாளில் அங்கு ஆராய்ச்சி செய்தவர்களுள் ஜான் காக்கிராஃப்ட் பின்னர் இங்கிலாந்தின் அணுவாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானார்; பென்னட் லூயிஸ் கனடாவின் சாக் ரிவர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். மாணவப் பருவத்து நட்பு இருபது ஆண்டுகளுக்குப்பின் நாடுகளின் நட்பாக மலர்ந்ததை மேலே காண்போம்.

தாய்நாட்டுப் பணி

1939ஆம் ஆண்டில் விடுமுறைக்காகத் தாயகம் வந்திருந்தபோது இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. திரும்பிச் செல்ல இயலாத பாபா, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். ஆண்டு ஸர் ஸி. வி. ராமன் பௌதிகத் துறையை நடத்திவந்தார். 1941இல் பாபா ராயல் சொஸைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். யுத்தம் முடிந்ததும் மேனாடு திரும்புவதே அவர்தம் முதல் எண்ணமாயிருந்தது. நாளடைவில் அவ்வெண்ணம் மாறிற்று. இந்நாட்டிலேயே உயர்ந்த ஆராய்ச்சிக்கு ஓர் இடம் அமைத்தல் தம் கடன் எனத் துணிந்தார்.

1944ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டாட்டா அறநிலையத்தார்க்கு அவர் ஒரு கடிதம் விடுத்தார். சில பத்தாண்டுகளில் அணுவாற்றல் மின்சாரத்துக்குப் பயன்படும் காலம் வருமென்றும், அன்று இந்தியா வல்லுநரை வேற்று நாடுகளில் தேடி அலையாது தன் வீட்டிலேயே கண்டுகொள்ளவேண்டும் என்றும் அதில் கருத்துத் தெரிவித்திருந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கு மேலாக முன்னரே, அணு உலை ஒன்றுமில்லாத நாட்டில் எழுதப்பட்ட கடிதம் அது. யந்திரம் வாங்குவதற்கு முன்னே மனிதரை ஆயத்தம் செய்யவேண்டும் என்பதே அதன் சாரமாகும். அதன் பயனாக 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் தோன்றி, அவ்வாண்டின் இறுதியிலேயே பம்பாய்க்கு மாறிற்று. பாபா பிறந்த வீட்டின் ஒரு பகுதியே அதற்கு அங்கு முதலிடமாயிற்று.

நாடு விடுதலையெய்திய மறு ஆண்டில், 1948 ஆகஸ்டு மாதம், அணுசக்திக் கமிஷன் நிறுவப்பட்டது. பாபா தலைவராகவும், சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் கே. எஸ். கிருஷ்ணனும் உறுப்பினராகவும் அமர்ந்தனர். கிருஷ்ணன் நம் தமிழ் நாட்டு வத்திராயிருப்பில் தோன்றியவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் நினைந்து மகிழத்தக்க செய்தி இது. நம் நாட்டின் தென்கோடியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணலில் மோனஸைட் கலந்துகிடக்கிறது. அதில் தோரியம் உள்ளது. இத்தோரியத்தை எரிபொருளாக்குதற்கு மூன்று படிகள் கொண்ட நெடிய திட்டம் ஒன்றை பாபா வகுத்தார். 1954இல் அணுசக்தித் துறை அமைந்தது. அவரே அதன் செயலாளரானார். அவ்வாண்டிலேயே டிராம்பேயில் ஆராய்ச்சி நிலையமும் தோன்றிற்று.

ஜெனீவா மாநாடு

யுத்தம் முடிந்த பின்னர்ப் பல ஆண்டுகள் அணுவைப் பற்றிய அறிவு பூட்டப்பட்ட பெட்டியாக இருந்தது. அமெரிக்கர் தாம் அறிந்ததை மறைத்தனர், ருஷ்யரும் மறைத்தனர். ஒருவர் கண்ட ஆபத்தை மற்றவர் அறிதற்கு வழியில்லை. 1953 டிசம்பரில் அமெரிக்கத் தலைவர் ஐஸன்ஹோவர் அமைதிப் பணிக்கு அணுவைப் பயன்படுத்தல் குறித்து ஐக்கிய நாடுகள் சபையில் உரையாற்றினார். அதன் தொடர்ச்சியாக 1955 ஆகஸ்டு 8 முதல் 20 வரை ஜெனீவாவில் பெருமாநாடு கூடிற்று. எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட அறிஞர் வந்தனர். அதன் தலைமைப் பதவி, எந்தப் பேரரசின் கட்சியையும் சாராத இந்தியாவின் பாபாவுக்கு அளிக்கப்பட்டது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது.

அம்மாநாட்டில் பூட்டுக்கள் திறந்தன. அமெரிக்கர் உலை ஒன்றையே கொண்டுவந்து நீருக்கடியில் யாவரும் காணுமாறு இயக்கிக் காட்டினர். ருஷ்யர் 1954இல் ஆப்னின்ஸ்க்கில் மின்சாரம் தரத் தொடங்கிய தம் உலையின் விவரங்களை எடுத்துரைத்தனர். ஒருவரையொருவர் அறியாது ஒரே அளவைகளைத் தனித்தனியே கண்டிருந்தோர் தம் எண்களை ஒப்பிட்டு வியந்தனர். அங்கே தலைமையுரையில் பாபா, அணுப்பிணைவு ஆற்றலை இருபது ஆண்டுகளில் மனிதன் கட்டுப்படுத்துவான் எனக் கணித்தார். அக்கணிப்புப் பலிக்கவில்லை. நாடுகள் கற்றதைப் பகிர்ந்துகொள்ளும் என அவர் வைத்த நம்பிக்கையோ பெரும்பாலும் பலித்தது.

உலைகளும் உதவியும்

1956 ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் ‘அப்ஸரா’ உயிர்பெற்றது. ஆசியாக் கண்டத்தில் ருஷ்யாவுக்கு வெளியே இயங்கிய முதல் அணு உலை அது. அதனை வகுத்தவரும் கட்டியவரும் இந்தியர். எரிபொருள் இங்கிலாந்து தந்தது. அடுத்து, கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா ஓர் உலையை அளிக்க 1956இல் உடன்பட்டது. அமெரிக்கா அதற்குக் கனநீர் தந்தது. மூன்று நாடுகளின் பெயரெழுத்துக்களைத் தாங்கிய அவ்வுலை ‘ஸைரஸ்’ எனப்பட்டு 1960 ஜூலையில் இயங்கலாயிற்று.

ஸைரஸ் உலைக்கு முன்மாதிரியாக இருந்தது சாக் ரிவரில் இருந்த என். ஆர். எக்ஸ். உலையாகும். அங்கு 1952 டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்ததொன்றை நாம் அறிதல் வேண்டும். உலையின் அடித்தளத்தில் பணியாளர் ஒருவர் திறக்கத்தகாத சில வால்வுகளைத் திறந்துவிட்டார். மேற்பார்வையாளர் கீழே ஓடிச் சென்று அவற்றைச் சரிசெய்தார். பின்னர்த் தொலைபேசி வாயிலாக மேலிருந்த துணைவர்க்கு இரண்டு பொத்தான்களை அழுத்துமாறு கூறுகையில், ஓர் எண்ணை மாற்றிக் கூறிவிட்டார். துணைவர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அப்பொத்தான்களை எட்டி அழுத்தினார். ஆதலின் பிழையைத் திருத்திச் சொல்லவும் வழியில்லாது போயிற்று. சிறிது நேரத்தில் எரிபொருட்கோல்கள் உருகின. நாற்பத்தைந்து லட்சம் லிட்டர் அளவில் நச்சுக் கதிர் கலந்த நீர் அடித்தளத்தில் நிரம்பிற்று. அவ்வுலையைத் துப்புரவாக்கி மீண்டும் இயக்க ஓராண்டுக்கு மேலாயிற்று.

பொறி பழுதாயிருந்தது உண்மையே. ஆயினும் அதனைப் பேரிழப்பாக்கியது ஒரு தவறான சொல். இப்பாடத்தைக் கனேடியர் மறைக்கவில்லை. ஆராய்ந்து எழுதி வைத்தனர். ஸைரஸ் உலையை நடத்தவிருந்த இந்திய இளைஞர் சாக் ரிவருக்கே அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். அண்டை வீட்டான் தன் வீடு எரிந்த கதையை ஒளியாது சொல்லும்போதுதான் நம் வீடு தப்பும்.

பயிற்சிப் பள்ளி

வெளிநாட்டில் சிலரைப் பயிற்றுவித்தல் போதாது என்பதை பாபா உணர்ந்தார். 1957ஆம் ஆண்டில் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். நாடெங்குமுள்ள சர்வகலாசாலைகளிலிருந்து பௌதிகம், ரஸாயனம், உயிரியல், பொறியியல் முதலியவற்றில் தேர்ந்த இளைஞர் ஆண்டுதோறும் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஓராண்டுக் காலம் உதவித்தொகையும் பாடமும் பெற்றனர். ஆராய்ச்சியில் ஈடுபட்டோரே ஆசிரியராகவும் வந்து கற்பித்தனர். பௌதிகம் கற்றவன் பொறியியலின் அடிப்படையையும், பொறியியல் கற்றவன் கதிர்வீச்சின் இயல்பையும் அறிந்து வெளிவந்தான். தான் தொடும் பொருள் இன்னதென்று அறியாதவன் உலையின் அருகே நிற்கத்தகான் என்பது அப்பள்ளியின் அடிப்படையாகும். பின்னாளில் அணுசக்திக் கமிஷனின் தலைவராக விளங்கிய அனில் ககோட்கர் அப்பள்ளியில் பயின்றவரே.

தாம் பெற்றதைப் பிறர்க்கும் அளித்தல் முறையாகும். 1960களின் நடுவில் இந்தியாவும் பிலிப்பைன்ஸும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தன. டிராம்பேயில் செய்யப்பெற்ற நியூட்ரான் ஆராய்ச்சிக் கருவி மணிலாவுக்குச் சென்றது. அதன் துணைகொண்டு கிழக்காசிய நாடுகளின் இளைஞர் பயிற்சி பெற்றனர். பத்தாண்டுகளுக்குமுன் பிறரிடம் கற்க ஆளனுப்பிய நாடு இப்போது கற்பிக்க ஆளனுப்பியது.

காப்பு முறையிலும் பாபா கருத்தூன்றினார். 1960 பிப்ரவரியில் தம் நிலையத்தார்க்கு விடுத்த கட்டளையொன்றில், கதிர்வீசும் பொருள்களைக் கையாளுகையில் பணியாளர்க்கோ பிறர்க்கோ தீங்கு நேராதிருத்தல் மட்டும் போதாது என்றும், நாட்டிலுள்ள ஏனைய நிலையங்கள் பார்த்துப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகவும் அமைதல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1962இல் டிராம்பே உலைகளின் காப்பு நிலையை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. ஆயினும் உலையை நடத்துவோரும் அதனைச் சோதிப்போரும் ஒரே துறையினராகவே அன்று இருந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. சோதித்தற்கெனத் தனி வாரியம் 1983இல்தான் தோன்றிற்று.

வியன்னாவும் வேறுபட்ட கருத்தும்

1957ஆம் ஆண்டில் சர்வதேச அணுசக்தி முகமை வியன்னாவில் நிறுவப்பட்டது. அறிஞரைப் பரிமாறிப் பயிற்றுவித்தலும், உயிர்க்கும் உடமைக்கும் தீங்கு நேராவண்ணம் காப்புத் தரங்களை வகுத்தலும் அதன் சாசனத்திலேயே கடமைகளாக எழுதப்பட்டுள்ளன. அச்சாசனத்தை முடிவு செய்ய 1956இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் பாபா இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். பின்னர் அம்முகமையின் விஞ்ஞான ஆலோசனைக் குழுவிலும் காக்கிராஃப்ட், லூயிஸ் முதலியோருடன் அமர்ந்து பணியாற்றினார்.

அங்கு அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாரில்லை. உதவி பெறும் நாட்டின் உலைகளை மட்டும் பிறர் வந்து சோதிப்பதும், வல்லரசுகளின் உலைகள் சோதனையின்றி விடப்படுவதும் உலகத்தை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என இரண்டாகப் பிரிக்கும் என வாதாடினார். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டைச் சோதித்ததும், பாபா வானொலியில் உரையாற்றி, அத்தகைய குண்டுகளைச் செய்யும் செலவு பெரிதன்று எனக் கணக்குக் காட்டினார். உலகம் முழுதும் ஆயுதக் குறைப்பு வேண்டும் என்பதையும் அவ்வுரையிலேயே கூறினார். அமைதி மாநாட்டின் தலைவர் வாயில் குண்டின் விலை பேசப்பட்டதைக் கேட்டோர் திகைத்தனர்.

இதன் விளைவு அவர் மறைந்த பின்னரே வெளிப்பட்டது. 1974 மே மாதத்தில் இந்தியா போக்ரானில் நிகழ்த்திய அணுவெடிப்புக்கு ஸைரஸ் உலையில் விளைந்த புளூட்டோனியம் பயன்பட்டது. அமைதிக்கெனத் தந்த கொடை வேறு வழியில் சென்றதாகக் கருதிய கனடா தன் உதவியை நிறுத்திற்று. ராஜஸ்தானத்தில் இருநாட்டாரும் கட்டிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை நம்மவர் தனியே முடிக்க நேர்ந்தது. நம்பிக்கை என்பதும் ஓர் உலை போன்றதே. கட்டப் பல்லாண்டு ஆகும், உடைய ஒரு நாள் போதும்.

குணநலன்

பாபா மணம் புரிந்துகொள்ளவில்லை. ஓவியம் தீட்டினார், இசையில் தோய்ந்தார், மரங்களை உயிரெனப் பேணினார். கட்டடத்துக்கு இடையூறாக நின்ற மரத்தை வெட்ட ஒருப்படாது, வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார். இளைஞர்பால் நம்பிக்கை வைத்துப் பெரும்பொறுப்பை அளித்தார். முதலில் தக்க மனிதரைக் கண்டுகொண்டு, அவரைச் சுற்றியே நிலையத்தை வளர்த்தல் அவர்தம் வழக்கம்.

மறைவு

1966 ஜனவரி மாதத்தில் வியன்னாவில் விஞ்ஞான ஆலோசனைக் குழு கூடவிருந்தது. அதற்கெனப் பம்பாயிலிருந்து ‘காஞ்சன்ஜங்கா’ என்னும் விமானத்தில் பாபா புறப்பட்டார். 24ஆம் நாள் காலையில் அது ஜெனீவாவை நெருங்கிற்று. விமானத்தில் வழிகாட்டும் கருவிகளுள் ஒன்று பழுதாயிருந்தது. மாந்த் பிளாங்க் சிகரத்தைக் கடந்துவிட்டதாக விமானி எண்ணினார். தரையிலிருந்து ராடார் வழியே நோக்கியவர், சிகரம் இன்னும் முன்னே உள்ளது என்னும் பொருளில் எச்சரித்தார். அச்சொற்கள் விமானிக்கு வேறு பொருள் தந்தன. அவர் விமானத்தை இறக்கலானார். பனிமலையில் மோதி விமானம் சிதறிற்று. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். பதினோராண்டுகளுக்குமுன் உலகத்து அறிஞரை வரவேற்றுத் தலைமை தாங்கிய நகரத்தை அடையச் சில நிமிடங்களே இருந்தபோது பாபா மறைந்தார். அவருக்கு வயது ஐம்பத்தாறே.

சாக் ரிவர் அடித்தளத்தில் மாறிய ஓர் எண்ணையும், மலைமேல் வழிமாறிய சில சொற்களையும் ஒருங்கு வைத்து எண்ணுவோர்க்கு நெஞ்சம் நடுங்கும். பொறி பழுதாதல் இயல்பு. சொல்பவன் தெளிவுறச் சொல்லவும், கேட்பவன் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யவும் பழகியிருந்தால் பழுது பேரழிவாகாது. அணு உலைகளை இயக்குவோர் இன்று ஒவ்வோர் ஆணையையும் திருப்பிச் சொன்ன பின்னரே கைவைக்குமாறு பயிற்றப்படுவது இக்காரணம் பற்றியே.

அவர்க்குப் பின்

1967இல் டிராம்பே நிலையத்துக்கு பாபாவின் பெயர் இடப்பட்டது. அவர் காலத்தில் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்யப்பெற்ற தாராப்பூர் நிலையம் 1969இல் மின்சாரம் வழங்கலாயிற்று. நம் கடற்கரையில் கல்பாக்கத்தின் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கிற்று. 1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் உலை வெடித்தது. அதன் கதிர்த்தூளைக் காற்று ஐரோப்பா எங்கும் பரப்பியது. இரு நாட்கள் கழித்து ஸ்வீடன் தேசத்தார் கண்டறிந்து கேட்ட பின்னரே ருஷ்யர் வாய்திறந்தனர். உலகம் விழித்துக்கொண்டது. விபத்து நேர்ந்தால் உடனே அறிவித்தற்கும் உதவுதற்கும் அவ்வாண்டிலேயே இரு உடன்படிக்கைகள் உண்டாயின. 1989இல் உலை நடத்துவோரெல்லாம் மாஸ்கோவில் கூடி ஓர் உலகச் சங்கம் கண்டனர். ஒரு நாட்டு வல்லுநர் மற்றொரு நாட்டு உலையைச் சென்று பார்த்துக் குறைகாட்டும் வழக்கம் அதனால் வேரூன்றியது. 1994இல் அணு உலைக் காப்பு உடன்படிக்கை எழுந்தது. இந்தியா 2005இல் அதனை உறுதி செய்தது. ஜெனீவாவில் திறந்த பூட்டின் திறவுகோல் இவ்வாறு கைமாறி வந்துகொண்டிருக்கிறது.

அறிஞர் பாபாவின் வாழ்க்கை குறையற்றதென்று நாம் கூறவில்லை. குறை காணும் உரிமையையும் நிறை போற்றும் கடமையையும் ஒருங்கே உடையவன் மாணவன். யந்திரத்தைவிட அதன் அருகே நிற்கும் மனிதன் பெரியவன் என்பதை அவர் உலகுக்குச் செய்து காட்டினார். கற்றதை ஒளியாது பகிர்தலும், பிழையை நாணாது உரைத்தலும், கேட்டதைச் செம்மையாகக் கேட்டலும் அணு நிலையத்துக்கு மட்டும் உரிய அறங்கள் அல்ல. நம் வகுப்பறையிலும் விடுதியிலும் அவற்றைப் பயின்றால், நாளை எத்தொழிலில் நாம் அமரினும் நம்மை நம்பி நிற்போர் அச்சமின்றி உறங்குவர்.